கடைசியாகக் கரை தொடும் குழந்தை

பனியன் ஊரின் கணக்கு

ஓவர்லாக், பவர் டேபிள் என்ற தையல் இயந்திரங்களில் பீஸ் ரேட்டுக்கு உழைத்து, வாரம் முழுதும் எத்தனை டஜன் தைத்தோம் என்பதை வைத்தே சனிக்கிழமை கூலி பெற்றுப் பழகிய திருப்பூரில், நீச்சல் போட்டியில் எட்டாவதாக வந்த பிள்ளையையும் அதே கணக்கில் அளந்து பார்க்கும் சுபாவம் பெற்றோருக்கு உண்டாவதில் ஆச்சரியமில்லை. ஆனால் தேக வளர்ச்சிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

வயது ஒன்று, வளர்ச்சி வேறு

பிறந்த தேதியைக் கொண்டே போட்டிப் பிரிவுகளை வகுக்கிறார்கள். பருவ மாற்றமோ பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாமாதலால், ஒரே வயதுடைய இருவரில் ஒருவன் நீண்ட கைகளும் அகன்ற தோள்களும் பெற்றிருக்க, மற்றவன் இன்னும் சிறுபிள்ளையாகவே பக்கத்துத் தடத்தில் குதிக்க நேரிடுகிறது. இந்நிலையில் கரையிலிருந்து தகப்பனார் 'வேகமா அடி' என்று கூவுவது உபகாரமன்று. வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், பதறிக் கைவீசும் பிள்ளை விரைவில் களைத்துப் போகிறானேயன்றி முன்னேறுவதில்லை. போட்டி முடிந்ததும் தலையைத் துவட்டி, உண்ணக் கொடுத்து, சென்ற முறை அவனுக்கு ஆன நேரத்தையும் இம்முறை ஆனதையும் மட்டும் ஒப்பிட்டுப் பேசுவது போதும்; அண்டை வீட்டுப் பிள்ளையின் பதக்கத்தை அங்கே இழுக்க வேண்டியதில்லை.

எனினும், இரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், காரணமின்றி நேரம் கூடிக்கொண்டே போய் முகமும் வெளிறினாலும், மருத்துவரிடம் காட்டுவது அவசியம்; இரத்தசோகை சோம்பல் வேஷத்தில் வருவதுண்டு.

எரிக் முசாம்பானி

மெதுவாக நீந்துபவரும் முன்னேறலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், நீந்தக் கற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த எக்குவடோரியல் கினி நாட்டு எரிக் முசாம்பானி, 100 மீட்டரைக் கடக்க 1 நிமிடம் 52.72 விநாடி எடுத்துக்கொண்டார். அரங்கம் எழுந்து கைதட்டியது. நான்கு ஆண்டுகளுக்குள் அதே தூரத்தை 57 விநாடிக்குள் நீந்தினார். 2012-இல் தம் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார்.

கிணறும் வாய்க்காலும்

கொங்கு நாட்டுப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுவை கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்ற காலத்தில் முதல், கடைசி என்ற விசாரமே இல்லை. நொய்யல் ஆறோ சாயக்கழிவால் கெட்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்த அளவுக்குப் போயிற்று. ஆனால் தோட்டத்துக் கிணறுகளும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் இருக்கத்தான் செய்கின்றன. 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீந்தத் தெரிவது பதக்கத்துக்கு மட்டுமன்று, உயிரைக் காக்கவும்தான். ஆகவே பெற்றோரே, பிள்ளை கடைசியாக வந்தான் என்பதற்காக அடுத்த மாதப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.