ரத்தப் புற்றுநோயாளிக்குக் காய்ச்சல்: செவிலியர் மாணவர்கள் அறிய வேண்டியவை

லுகேமியா, லிம்போமா, மைலோமா என ரத்தப் புற்றுநோய்கள் பல வகைப்படும். ஆனால், வார்டு பணிக்குச் செல்லும் செவிலியர் மாணவர்கள் முதலில் உணர வேண்டியது, கீமோதெரபி பெறுவோருக்கு வரும் காய்ச்சலின் தீவிரத்தையே.

கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்களையும் கீமோதெரபி குறைத்துவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 500-க்குக் கீழே சென்றால் ஆபத்து மிகுதி. சீழ் உருவாவதற்கே நியூட்ரோபில்கள் தேவை. அவை இல்லாதபோது தொற்று ஏற்பட்ட இடத்தில் சீழோ வீக்கமோ தெளிவாகத் தெரியாது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி.

வெப்பநிலை ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் பதிவானாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்குவதே நடைமுறை. மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துபோகும், தொற்று மறையாது. ஆசனவாய் வழியே வெப்பநிலை பார்ப்பதும் கூடாது. தட்டணுக்கள் குறைந்திருந்தால் தசை ஊசியும் தவிர்க்கப்படுகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வெளிமாநிலங்களிலிருந்து வருவோரைப் போல, தொலைவில் வசிப்போர் ஏராளம். வீட்டுத் தெர்மாமீட்டரில் 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புவதும் செவிலியரின் பொறுப்பே.