ஆட்டுக்கும் கல்லடைப்பு வரும்!



"எங்க கிடாவுக்குக் கல்லடைப்பு" என்று நான் சொன்னபோது வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஆடு இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் எழுத வெட்கமாக இருந்தது. "உடம்பைப் பத்தி எழுத என்னம்மா வெட்கம்? அது அறிவியல்" என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

செவலை

போன வருஷம் எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு செம்மறிக் கிடா இருந்தது. நம்ம பக்கத்து மெட்ராஸ் ரெட் இனம். பக்ரீத்துக்கு விற்று அக்காவுக்குக் காலேஜ் பீஸ் கட்டலாம் என்று அம்மா வளர்த்தார்கள். முன்னே மேய்ந்த இடமெல்லாம் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். அதனால் கட்டிப் போட்டே வளர்த்தோம். சீக்கிரம் கொழுக்கட்டும் என்று காலையும் மாலையும் தவிடு, மிச்ச சோறு.

மழைக்காலத்தில் ஒரு நாள் செவலை தீனி தின்னவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு முக்கினான். பல்லை நறநறவென்று கடித்தான். வயிற்று உப்புசம் என்று நினைத்து ஆயா ஓமத்தண்ணி கொடுத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று வாழைத்தண்டு சாறும் கொடுத்தோம். மறுநாள் சாயந்திரம் முக்குவதை நிறுத்திவிட்டு அமைதியாகப் படுத்தான். "அப்பாடா, நல்லாயிடுச்சு" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நல்லாகவில்லை. மூத்திரப்பை வெடித்திருந்தது. அதனால்தான் வலி குறைந்த மாதிரி தெரிந்தது. வயிறு இரண்டு பக்கமும் கீழே தொங்கி, இரண்டு நாளில் செத்துப்போனான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல் எப்படி வருகிறது?

ஆட்டின் தீனியில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்க வேண்டும். தவிட்டில் இது தலைகீழ். பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு. மிச்சமான பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கி மக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து மணல் மாதிரிப் படிகிறது. ஆட்டின் சிறுநீர் பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும். அந்தக் காரத்தில்தான் இந்த மணல் சீக்கிரம் கல்லாகிறது. மழைக்காலத்திலும் குளிரிலும் ஆடு தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அப்போது சிறுநீர் கெட்டியாகி ஆபத்து அதிகமாகிறது.

கிடாவுக்கு மட்டும் ஏன்?

பெட்டை ஆட்டுக்கும் கல் உண்டாகலாம். ஆனால் அதன் சிறுநீர்க்குழாய் குட்டையானது, அகலமானது. கல் வெளியே போய்விடும். கிடாவின் குழாய் நீளம், ஒடுக்கம். நடுவில் 'S' எழுத்து மாதிரி ஒரு வளைவு. நுனியில் புழு மாதிரி மெல்லிய ஒரு வால். இந்த வாலிலும் வளைவிலும்தான் கல் சிக்குகிறது. குட்டியிலேயே காயடித்த கிடாவுக்குக் குழாய் சரியாகப் பெருக்காது. அதனால் ஆபத்து இன்னும் அதிகம். எந்த வயதில் காயடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்பது நல்லது.

கண்டுபிடிப்பது எப்படி?

1. அடிக்கடி முக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், அல்லது போகவே போகாது.
2. வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும், பல் கடிக்கும், காலால் வயிற்றை உதைக்கும்.
3. சிறுநீர் வரும் இடத்து முடியில் வெள்ளையாக உப்பு மணல் ஒட்டியிருக்கும்.
4. உப்புசம் என்றால் இடது பக்கம் மேலே வீங்கும், சிறுநீர் போகும். கல்லடைப்பு என்றால் சிறுநீர் போகாது.

கறுப்பன் பிழைத்த கதை

இந்த வருஷம் கறுப்பனை வாங்கினோம். ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அதே முதுகு வளைப்பு! கீழே தரை காய்ந்து கிடந்தது. "ஆயா, இவன் ஒன்னுக்கே போவல" என்று கத்தினேன். இந்தத் தடவை ஓமத்தண்ணி கொடுக்கவில்லை. சித்தப்பா குட்டியானை வண்டி பிடித்தார். நேராகக் கால்நடை டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, நுனியில் இருந்த அந்தப் புழு வாலை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதற்குள் மணல் மணலாகக் கல்! உடனே சிறுநீர் பீய்ச்சி அடித்தது. சித்தப்பா சட்டையெல்லாம் நனைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆயா அழுதுவிட்டார்கள்.

அந்த வாலை வெட்டினால் கிடாவுக்குக் கெடுதல் இல்லையாம், சினைப்படுத்தவும் முடியுமாம். கல் மேலே வளைவில் சிக்கினால் இது போதாது. வயிற்று வழியாக மூத்திரப்பைக்கு ட்யூப் வைக்க வேண்டும். நமக்கு எட்டுகிற தூரத்தில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் தொடங்கியது. அங்கே பெரிய மருத்துவமனையும் உண்டு.

வாழைத்தண்டு சாறு ஏன் தப்பு என்றும் கேட்டேன். "குழாயை மூடி வச்சுட்டு மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார்கள். புரிந்துவிட்டது. அடைத்த பிறகு சிறுநீரைப் பெருக்கினால் பை சீக்கிரம் வெடிக்கும்.

வராமல் தடுக்க

* தவிட்டைக் குறைத்துப் புல், வைக்கோல், அகத்தி, சூபாபுல் தழை கொடுங்கள்.
* சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கொஞ்சம் உப்பு சேர்த்தால் நிறையக் குடிக்கும்.
* தாது உப்புக் கலவை எது, எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.
* பாத்திரத்துக்கு ஈயம் பூச வைத்திருப்பார்களே நவச்சாரம், அதுதான் அம்மோனியம் குளோரைடு. அது சிறுநீரை அமிலமாக்கிக் கல்லைத் தடுக்கும். ஆனால் டாக்டர் எடை பார்த்துச் சொல்லும் அளவுதான். நாமாகக் கொடுக்கக் கூடாது.
* அவசரம் என்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள். கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பத்து நிமிஷம் உங்கள் கிடா பக்கத்தில் நில்லுங்கள். அது ஒன்னுக்குப் போகிறதா என்று பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நாங்கள் அப்படிப் பார்த்திருந்தால் செவலை இருந்திருப்பான்.

வருமுன் காப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
திருநின்றவூர்.