உஷார்! ராத்திரியில் கால்வாய் ஓரம் நிற்கும் டேங்கர் லாரி

புள்ளலூர்த் தாய்மார்களே, கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு இதை ஒரு தடவை படியுங்கள். நடுராத்திரியில் கால்வாய் ஓரமாக ஒரு டேங்கர் லாரி குழாயை இறக்கிக்கொண்டு நிற்கிறதா? என்னவென்று பார்க்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். நீங்களும் கிட்டே போகாதீர்கள். அந்தக் காற்றே ஆளைக் கொல்லும்!

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்திருக்கிறது.

2022 ஜனவரி 6, விடியற்காலை. குஜராத்தில் சூரத் பக்கம் சச்சின் தொழிற்பேட்டை. ஒரு டேங்கரில் வந்த ரசாயனக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கால்வாயில் திறந்துவிட்டார்கள். பக்கத்திலேயே துணிகளுக்குச் சாயம் போடும் மில். அங்கே இருந்த தொழிலாளிகளுக்கும் அந்த லாரிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கால்வாயிலிருந்து விஷவாயு எழும்பி மில் பக்கம் பரவியது. ஆறு பேர் செத்துப்போனார்கள். இருபது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். பிழைக்கப் போன இடத்தில், அடுத்தவன் கொட்டிய கழிவுக்கு உயிரைக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள்.

எப்படி நடக்கிறது தெரியுமா? தோல் பதனிடும் இடத்துக் கழிவில் சல்பைடு இருக்கும். சில சாயக் கழிவிலும் இருக்கும். வேறொரு தொழிற்சாலைக் கழிவில் அமிலம் இருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை ஓரளவு அடங்கிக் கிடக்கும் இவை, ஒரே சாக்கடையில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் குழியிலும் தேங்கி நிற்கும்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் மறக்கவே கூடாது. நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள்! காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை இந்த வாயு தொட்டால் மூக்கு மரத்துப்போகும். வாயு இருக்கும், வாசனை தெரியாது. "இப்ப நாத்தம் இல்லையே" என்று குனிந்து பார்ப்பவர்தான் விழுகிறார்.

"நம்ம ஊர்ல பாதாளச் சாக்கடையே கிடையாதே" என்கிறீர்களா? உங்கள் மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறானே, மகள் ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாளே, அங்கே? காஞ்சிபுரத்தில் சொந்தக்காரர் வீடு இல்லாதவர் யார்? சாக்கடைக் குழாயின் ஒரு முனை தெருவில், மறுமுனை வீட்டுக் கழிப்பறையில்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையம். 2024 ஜூன் 11. ஒரு வீட்டில் வயதான அம்மா கழிவறைக்குள் போனவர் மயங்கி விழுந்தார். சத்தம் கேட்டுத் தூக்க ஓடிய மகளும் விழுந்தார். இன்னொரு வீட்டில் 15 வயதுப் பெண். மூன்று பேரும் இறந்துபோனார்கள். பாதாளச் சாக்கடை வாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறியிருந்தது. அது ஆலைக் கழிவால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சாதாரண வீட்டுச் சாக்கடையே அடைத்துக்கொண்டால் இந்த வாயு உண்டாகும். வீட்டுச் சாக்கடைக்கே இந்த வீரியம் என்றால், அதன் தலையில் அமிலத்தையும் கொட்டினால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். வாயுவைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல நாள் பூட்டிக் கிடந்த அறை என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தரையில் உள்ள துவாரத்துக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் வருடத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஆறு, கிணறு மட்டுமல்ல, சாக்கடையிலும் நிலத்திலும் விஷக்கழிவை விடக் கூடாது என்கிறது. பொதுச் சாக்கடையில் விடும் ஆலைக் கழிவுக்கு அளவும் உண்டு. அமில கார அளவு 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, குரோமியம் 2 மில்லிகிராமை. ஏன் இவ்வளவு கறார்? ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அமிலம் போனால் அவை செத்துவிடும். குரோமியம் மாதிரி உலோகம் அங்கே கரைந்து காணாமல் போகாது. கசடிலும் தண்ணீரிலுமாகத் திரும்ப வெளியே வரும். பிறகு ஆறு, ஏரி, வயல், நம் தட்டு! பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று. அந்த மண் இன்னும் முழுசாகத் தேறவில்லை.

ஆகவே கண்ணைத் திறந்து வையுங்கள். வரத்துக் கால்வாயில் நிறம் மாறிய தண்ணீர், கலையாத நுரை, மேலே எண்ணெய்ப் படலம். திடீரென்று மீன் செத்து மிதப்பது. மாடு வாய் வைத்துவிட்டு விலகுவது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி ஒரே நேரத்தில் பல பேருக்கு வருவது. இதில் எது தெரிந்தாலும் ஆடு மாட்டை அந்தப் பக்கம் ஓட்டாதீர்கள், துணி துவைக்க இறங்காதீர்கள். காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே, மேட்டுப் பக்கமாக விலகிப் போங்கள்.

ஒருவர் குழிக்குள் விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள்! சொந்தப் பிள்ளையே ஆனாலும். சொல்வதற்கே வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காப்பாற்றப் போனவர்கள் அடுக்கடுக்காகச் செத்த கதைகள் நம் மாவட்டத்துக்குப் புதிதா? 112-க்குப் போன் போடுங்கள். தீயணைப்புத் துறையினர் சுவாசக் கருவியோடு வரட்டும்.

லாரியைப் பார்த்தால் மறிக்க வேண்டாம், சண்டை போட வேண்டாம். எட்ட நின்றபடி வண்டி எண்ணையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். கழிவைப் பாட்டிலில் பிடித்து வைக்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். மாதிரி எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்குச் சீட்டு வாங்குங்கள். ஊராட்சியிலும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த கிராம சபையில் பெண்கள் பத்துப் பேராவது சேர்ந்து நின்று, அதைத் தீர்மானமாக எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.