பனிக்கட்டிக்குள் ஒளிந்திருந்த ஹைட்ரஜன்

1994-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு இரண்டு தாத்தாக்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் கிளிஃபர்ட் ஷல்லுக்கு அப்போது வயது 79. கனடாவின் பெர்ட்ராம் பிராக்ஹவுஸுக்கு 76. பரிசுக்குரிய வேலையை அவர்கள் செய்ததோ 1940-களின் கடைசியிலும் 1950-களிலும்!

அப்படி என்ன செய்தார்கள்? ஒரு பொருளுக்குள் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வழி கண்டார் ஷல். அங்கே அவை எப்படி அசைகின்றன என்று பார்க்க வழி கண்டார் பிராக்ஹவுஸ். இருவருக்கும் கைகொடுத்தது நியூட்ரான் என்ற துகள்.

நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. அதனால் அணுவைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்களைத் தாண்டி உள்ளே போய், அணுக்கருவில் பட்டுச் சிதறும். எந்தத் திசையில் எவ்வளவு சிதறுகிறது என்று அளந்தால், அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கைக் கணக்கிட்டுவிடலாம்.

இதற்குத்தான் எக்ஸ் கதிர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களில் பட்டுத்தான் சிதறும். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒரே ஓர் எலக்ட்ரான். அதனால் பனிக்கட்டியை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தவர்களுக்கு ஆக்சிஜன் அணுக்களின் இடம் தெரிந்தது, ஹைட்ரஜன் அகப்படவில்லை. ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் அருகில் இரண்டு ஹைட்ரஜன், சற்றுத் தள்ளி இரண்டு இருக்க வேண்டும் என்று 1935-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் கணித்துச் சொன்னார். யார் பார்ப்பது?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய அணு உலை ஒன்று இருந்தது. அதிலிருந்து வரும் நியூட்ரான்களை வைத்து எர்னஸ்ட் வோலன் என்பவர் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். 1946-இல் ஷல் அவரோடு சேர்ந்தார். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவம் உள்ள கனநீரை உறையவைத்து அவர்கள் குழு ஆராய்ந்தது. 1949-இல் முடிவு வெளிவந்தது: பாலிங் சொன்னது சரி!

வோலன் 1984-இல் காலமானார். மறைந்தவர்களுக்கு நோபல் பரிசு தருவதில்லை. ஒரு பரிசை மூன்று பேர் வரை பகிரலாம். 1994-இல் ஓர் இடம் காலியாகவே இருந்தது. அது வோலனுக்கு உரிய இடம் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் இல்லையே என்ற வருத்தத்தை ஷல்லும் தம் நோபல் உரையில் சொன்னார்.

பிராக்ஹவுஸ் வேலை செய்தது கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில். ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சல் பலகைமேல் பந்தை எறிந்து பாருங்கள். பலகை உங்களை நோக்கி வரும்போது பட்டால் பந்து வேகமாகத் திரும்பும்; விலகிப் போகும்போது பட்டால் மெதுவாகத் திரும்பும். படிகத்துக்குள் அணுக்களும் ஓயாமல் அதிர்கின்றன. ஒரே வேகமுள்ள நியூட்ரான்களைப் பொறுக்கி அனுப்பி, சிதறி வந்தபின் அவற்றின் வேகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தார் பிராக்ஹவுஸ். அதிலிருந்து அணுக்களின் அதிர்வு தெரிந்துவிட்டது. அதற்கான கருவியையும் அவரே வடிவமைத்தார்.

1950-களில் நம் நாட்டிலிருந்து பி. கே. ஐயங்கார் என்ற இயற்பியலாளர் சாக் ரிவருக்குப் போய் பிராக்ஹவுஸோடு வேலை செய்தார். டிரான்சிஸ்டர்களில் பயன்பட்ட ஜெர்மானியத்தின் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று இருவரும் அளந்தார்கள். பிறகு ஐயங்கார் மும்பையின் டிராம்பேக்குத் திரும்பி, சக விஞ்ஞானிகளோடு சேர்ந்து நியூட்ரான் சிதறல் கருவிகளை இங்கேயே உருவாக்கினார்.