காற்றில் கோச் கிடையாது

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் ஒருவர் ‘குவாட்’ எனப்படும் நான்கு சுற்றுத் தாவலைப் போடும்போது வெறுங்கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. ஆள் எழும்பினார், ஏதோ மங்கலாகச் சுழன்றது, அடுத்த கணம் ஒற்றைக் காலில் பின்னோக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். கால் பனியை விட்டதற்கும் திரும்ப வந்து பட்டதற்கும் நடுவே ஏறத்தாழ 0.7 விநாடிதான். அதற்குள் உடம்பு சுழலும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றைத் தாண்டிவிடும். நம் வீட்டு சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் ஓடும்.

நிமிடத்துக்கு 300 என்றால் விநாடிக்கு ஐந்து. ஒரு சுற்றுக்கு 0.2 விநாடி. கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதை உணர்ந்து, தசை அசைவதற்கும் மனிதருக்கு ஏறக்குறைய அதே 0.2 விநாடி ஆகிறது. ஆகவே ‘சாய்கிறேனே’ என்று ஸ்கேட்டர் கண்டுகொண்டு திருத்தப் பார்ப்பதற்குள் ஒரு முழுச் சுற்று முடிந்திருக்கும். அரங்கின் ஓரத் தடுப்புக்கு அப்பால் நிற்கும் கோச் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அந்தத் தாவலுக்கு அது போய்ச் சேராது.

யாரும் உதவ முடியாத இந்த 0.7 விநாடிக்காகத்தான் ஒரு முன்னணி ஸ்கேட்டரைச் சுற்றி ஒரு பட்டாளமே வேலை பார்க்கிறது. தலைமைக் கோச், தாவலுக்கு ஒரு கோச், வழுக்கிச் செல்லும் நேர்த்திக்கு ஒருவர், நடனம் அமைப்பவர், பிளேடு தீட்டுபவர், பிசியோதெரபிஸ்ட். இத்தனை பேர் எதற்கு என்பதைவிட, இத்தனை பேர் இருந்தும் ஸ்கேட்டர் குழம்பாமல் இருப்பது எப்படி என்பதுதான் எனக்கு வியப்பு.

தாவலின் இயற்பியல் ஈவிரக்கமற்றது. பிளஸ் ஒன்னில் படித்த கோண உந்த மாறா விதி நினைவிருக்கலாம்: வெளியிலிருந்து திருப்புவிசை எதுவும் வராதவரை ஒரு பொருளின் கோண உந்தம் மாறாது. பனியில் பிளேடு ஊன்றியிருக்கும் வரைதான் ஸ்கேட்டர் அந்த உந்தத்தைச் சேர்த்துக்கொள்ள முடியும். எழும்பிய பிறகு கடுகளவும் கூட்ட முடியாது. கைகளையும் கால்களையும் அச்சோடு ஒட்டி இழுத்தால் நிலைமத் திருப்புத்திறன் குறைந்து வேகம் ஏறும். அவ்வளவுதான் அவர் கையில் இருக்கிறது. இங்கே தொலைவின் இருமடி கணக்கில் வருகிறது. அச்சிலிருந்து கை இருக்கும் தூரம் பாதியானால், அந்தக் கையால் வரும் மந்தம் கால்வாசியாகிவிடும். முழங்கை சற்று விலகியிருந்தாலே தாவல் கெட்டுப்போவது இதனால்தான்.

உயிர்விசையியல் ஆய்வாளர் டெபோரா கிங்கும் அவரது குழுவினரும் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் தாவல்களைப் படமெடுத்து அளந்தார்கள். மூன்று சுற்றுக்கும் நான்கு சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உயரத்தில் இல்லை, சுழலும் வேகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜிம் ரிச்சர்ட்ஸ் இதை ஒரு பாடமாகவே ஆக்கினார். ஸ்கேட்டரின் உடம்பெங்கும் ஒளியைத் திருப்பும் குறிகளை ஒட்டி, பல கேமராக்களில் தாவலைப் பதிவுசெய்து, கணினித் திரையில் அவருடைய உருவத்தையே சுழலவிடுவார். பிறகு திரையில் கைகளை மட்டும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி மறுபடி ஓட்டுவார். விழுந்த தாவல் இம்முறை நிறைவாக முடியும்.

அதைப் பார்க்கும் ஸ்கேட்டருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். முடிந்த மட்டும் இறுக்கிவிட்டதாகத்தானே அவர் நினைத்திருந்தார்! செய்ததாக உடம்பு சொல்வதும் உண்மையில் செய்ததும் ஒன்றாக இருப்பதில்லை. கோச்சுக்கு வேலை கிடைப்பதே இந்த இடைவெளியில்தான்.

லட்ஸ் என்ற தாவலில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஸ்கேட்டிங் பிளேடின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் அடிப்பாகம் நடுவில் குடையப்பட்டு, உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர்களாக இருக்கும். லட்ஸ் போடுபவர் இடது காலின் வெளிவிளிம்பில் பின்னோக்கி நீண்ட வளைவில் வருவார். வலது காலின் முனைப் பற்களைப் பனியில் குத்தி எழும்புவார். சிக்கல் என்னவென்றால், வந்த வளைவு ஒரு திசை, காற்றில் சுற்ற வேண்டியது எதிர்த் திசை. உடம்புக்கு இது பிடிக்காது. எழும்புவதற்குச் சற்று முன்பு இடது கணுக்கால் தானாகவே உள்விளிம்புக்குச் சரியும். சரிந்தது ஸ்கேட்டருக்குத் தெரியவே தெரியாது. தொழில்நுட்ப நடுவர்களோ வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே நல்ல கோச் தாவலை அண்ணாந்து பார்ப்பதில்லை. எழும்புவதற்கு முந்தைய அந்த இடது பூட்ஸைத்தான் பார்க்கிறார்.

பார்த்ததைச் சொல்வதில் இருக்கிறது அடுத்த வம்பு. கணுக்கால், இடுப்பு, தோள், முழங்கை என்று ஐந்து தவறுகளை ஒருவர் கண்டுபிடிக்கலாம். ஐந்தையும் சொன்னால் அடுத்த தாவல் இன்னும் மோசமாக வரும். இயக்கக் கற்றலை ஆராயும் கேப்ரியேலே வுல்ஃப் 1998-இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்கு அசைவைப் போலச் செய்யும் ஒரு கருவியில் ஆட்களை ஏற்றிவிட்டார். சிலரிடம் ‘காலால் அழுத்து’ என்றும், வேறு சிலரிடம் ‘காலுக்கு அடியிலுள்ள சக்கரத்தை அழுத்து’ என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே செயல்தான். ஆனால் சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். உடம்பின் உறுப்பை நினைத்தால் தானாக ஓடும் வேலை தடுமாறுகிறது. விளைவை நினைத்தால் உடம்பு தானே வழி கண்டுகொள்கிறது.

அதனால் கோச்சின் திறமை ஐந்து தவறுகளில் நான்கை விழுங்கிவிட்டு ஒன்றைச் சொல்வது. அந்த ஒன்றையும் ஒரே சொல்லில் சொல்வது: ‘பொறு’ அல்லது ‘மேலே’. குழுவில் ஆளுக்கொரு சொல் சொன்னால், தாவப் போகும் நேரத்தில் மண்டைக்குள் கூட்டம் கூடிவிடும். எல்லாரும் பார்க்கலாம், கடைசிச் சொல் ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். தலைமைக் கோச் என்ற பதவிக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு நன்றாக நடந்த இடம் ஒன்று டொரன்டோவில் இருக்கிறது: டொரன்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங், கர்லிங் கிளப். அங்கே தலைமை வகித்தவர் பிரையன் ஆர்சர். 1984, 1988 என்று இரண்டு ஒலிம்பிக்கில் தொடர்ந்து வெள்ளியோடு திரும்பிய கனடாக்காரர். அவரிடம் பயின்ற தென்கொரியாவின் கிம் யுனா 2010 வான்கூவரில் தங்கம் வென்றார். 2012-இல் ஜப்பானின் செண்டாயிலிருந்து 17 வயது யுசுரு ஹன்யு அங்கே வந்து சேர்ந்தார். முந்தைய ஆண்டு பெரும் நிலநடுக்கம் வந்தபோது பனித்தளத்தில் பயிற்சியில் இருந்த பையன்.

ஆர்சர் எல்லாவற்றையும் தானே கற்பிக்கவில்லை. பனியில் வழுக்கிச் செல்லும் நேர்த்தி, ஒரு அழுத்தலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் டிரேசி வில்சன் பொறுப்பு. 1988-இல் பனி நடனத்தில் வெண்கலம் வென்றவர். உலக சாம்பியனுக்கு நடை பழக்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தாவலுக்கான வேகம் முழுக்க அந்த நடையிலிருந்துதான் வருகிறது. தாவல்களுக்குக் கிஸ்லேன் பிரியான். தாவல் பழக ஒரு கருவி உண்டு: நீண்ட கழி ஒன்றின் நுனியிலிருந்து கயிறு இறங்கும். அது ஸ்கேட்டரின் இடுப்புப் பட்டையோடு மாட்டப்பட்டிருக்கும். ஸ்கேட்டரோடு கூடவே வழுக்கிக்கொண்டு போகிற கோச், அவர் எழும்பும் தருணத்தில் கழியை உயர்த்துவார். கிடைப்பது சிறு தூக்கல்தான். ஆனால் விழும் பயமில்லாமல் நான்கு சுற்றும் முழுமையாக முடிந்தால் எப்படி இருக்கும் என்பதை உடம்பு ஒருமுறை ருசி பார்த்துவிடும். அப்புறம் கயிற்றை எடுத்துவிடலாம். காற்றில் கோச் துணைக்கு வருகிற ஒரே இடம் இதுதான்.

நடன அமைப்புக்கு டேவிட் வில்சன், ஜெஃப்ரி பட்டில், ஷே-லின் போர்ன் என்று வெவ்வேறு ஆட்டங்களுக்கு வெவ்வேறு பேர். இங்கேதான் உரசல் வரும். தாவல் கோச்சுக்கு எழும்புமுன் நீண்ட, நிதானமான ஓட்டம் வேண்டும். நடனம் அமைப்பவருக்கோ தாவலின் வாசல் வரை கால்கள் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி வந்தால் மதிப்பெண்ணும் கூடும். ஓட்டத்தைக் குறைத்தால் தாவல் போகும், கூட்டினால் ஆட்டம் வெறிச்சென்று இருக்கும். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும்.

அதே பனித்தளத்தில் ஸ்பெயினின் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் ஆர்சரிடமே பயின்றார். 2014 சோச்சியில் ஹன்யு தங்கம் வென்றார்; 2015, 2016 உலகப் போட்டிகளில் ஃபெர்னாண்டஸ் அவரை முந்தித் தங்கம் எடுத்தார். 2017 நவம்பரில் லட்ஸ் குவாட் பயிற்சியில் விழுந்து ஹன்யுவின் வலது கணுக்கால் அடிபட்டது. அதன்பின் எந்தப் போட்டியிலும் இறங்காமல் நேரே 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்குப் போய் 317.85 புள்ளிகளோடு தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் தொடர்ந்து இரண்டு தங்கம் என்பது டிக் பட்டனுக்கு (1948, 1952) அப்புறம் அப்போதுதான் நடந்தது. வெண்கலம் ஃபெர்னாண்டஸுக்கு. எதிரெதிராக நிற்கும் இருவருக்கும் ஒரே கோச் என்பது நம் ஊர்க் கிரிக்கெட் மனதுக்கு ஜீரணிக்கக் கடினம். ஆனால் தினமும் தன்னைவிட நன்றாகத் தாவும் ஒருவனைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பது எந்தக் கோச்சாலும் தர முடியாத பாடம்.

கடைசிச் சொல் ஒருவரிடம் குவிவதில் ஆபத்தும் உண்டு. மாஸ்கோவில் எதேரி துத்பெரீட்ஸேயின் குழு, பதின்ம வயதுச் சிறுமிகளைக் குவாட் போட வைத்து உலகை அசத்தியது. அதற்கும் இயற்பியல்தான் அடிப்படை: ஒல்லியான, இடுப்பு அகலாத சிறு உடம்புக்கு நிலைமத் திருப்புத்திறன் குறைவு. வளர்ந்ததும் அந்த அனுகூலம் போய்விடும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சிக்கலின் நடுவே ஆடிய, அந்தக் குழுவின் 15 வயது காமிலா வலியேவா, திரும்பத் திரும்ப விழுந்து அழுதபடி வெளியே வந்தபோது, கோச் அவரிடம் கேட்டது ஏன் போராடுவதை விட்டாய் என்று. அதை உலகமே டிவியில் பார்த்தது. சில மாதங்களில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவெடுத்தது. தாமதமான முடிவு என்பேன்.

கோச்சே அருகில் இல்லாவிட்டால்? கொரோனா வந்த 2020-இல் ஹன்யு டொரன்டோவுக்குத் திரும்பவில்லை. செண்டாயில் தனியாகப் பயிற்சி செய்தார். அந்தத் தனிமையில் மனம் அடிமட்டத்துக்குப் போனதாக அவரே பின்னர் சொன்னார். அப்போது அவர் துரத்திக்கொண்டிருந்தது ஆக்ஸல் குவாட். ஆக்ஸல் மட்டும்தான் முன்னோக்கி எழும்பும் தாவல்; பின்னோக்கி இறங்குவதால் அரைச் சுற்று அதிகம், ஆக நான்கரைச் சுற்று. 2022 பிப்ரவரி 10 அன்று பெய்ஜிங்கில் அதைப் போட்டார். சுற்று சற்றுக் குறைந்தது, விழுந்தார். ஆனாலும் போட்டியில் நடுவர்கள் ஆக்ஸல் குவாட் என்று குறித்துக்கொண்ட முதல் முயற்சி அதுதான். அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் 17 வயது இலியா மாலினின் அந்தத் தாவலை முதன்முதலில் பிழையின்றிப் போட்டு முடித்தார். அவருடைய கோச்சுகள் அவரைப் பெற்றவர்களேதான்: டாட்டியானா மாலினினா, ரோமன் ஸ்கோர்னியாகோவ். இருவரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். வீட்டுக்குள்ளேயே இரண்டு ஒலிம்பிக் கோச்சுகள் இருந்தும், வர்ஜீனியாவிலிருந்து நாட்டின் மறுகோடியான கலிஃபோர்னியாவுக்குப் போய் ரஃபாயேல் அருட்யுன்யான் என்ற மூன்றாவது கோச்சிடமும் மாலினின் தன் தாவல்களைக் காட்டிவிட்டு வருவது வழக்கம்.