தேயிலைச் சாயத்தில் ஒரு துரு ஆணி

பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போனாலும் சரி, ஹாலி-எல தாண்டித் தெமோதரைக்குப் போனாலும் சரி, லயத்து வீடுகளில் பால் சேர்க்காத தேநீருக்குச் சாயம் என்றுதான் பெயர். "சாயம் குடிச்சிட்டுப் போங்க" என்று இஸ்தோப்பில் உட்கார வைப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அந்தச் சொல் புதிதாக இருக்கலாம். இரசாயனம் படித்தவருக்கோ அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கொதிநீரில் இறங்கும் அந்தச் செம்பழுப்பு துணியிலும் தாளிலும் பிடித்துக்கொண்டால் இலேசில் போகாது.

2022 நெருக்கடிக்குப் பிறகு கொப்பி, பென்சில் விலையெல்லாம் ஏறிய ஏற்றத்தில், தோட்டத்துப் பிள்ளைகளின் பையில் முதலில் காணாமற்போவது வர்ணப்பெட்டிதான். சித்திரப் பாடத்துக்குக் கேட்டால், "அடுத்த சம்பளத்துல பாப்போம்" என்று வீட்டில் பதில் வரும். சொல்கிற அம்மாவுக்கும் அது வலிக்கும். ஆனால் அடுப்படியிலேயே ஒரு வர்ணப்பெட்டி இருக்கிறது. கடைப்பெட்டியில் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இந்தப் பெட்டியில் உள்ள நிறங்கள் நம் கண்முன்னே மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்கிற பிள்ளைக்குச் சித்திரமும் விஞ்ஞானமும் ஒரே மேசையில் கிடைத்துவிடும்.

என் அப்பாயி கொழுந்துக்குப் போன காலத்தில் அவர் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. தேயிலைக் கொழுந்தில் பொலிபீனோல்கள் நிறைய உண்டு. இலை நசுங்கியதும் இலைக்குள்ளேயே இருக்கும் நொதியம் அவற்றைக் காற்றின் ஒட்சிசனோடு சேர்த்துவிடும், பச்சை பழுப்பாகும். ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, அரைத்து, பரப்பிவைப்பது இதற்காகத்தான். தேத்தண்ணியின் நிறமும் அப்பாயியின் விரல் கறையும் ஒரே இரசாயனத்தின் பிள்ளைகள்.

இனி மை செய்வோம். அரைக் கோப்பைத் தண்ணீரில் 2 தேக்கரண்டி தேயிலைத்தூளைப் போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். குடித்து முடித்த மண்டியை மறுபடி கொதிக்க வைத்தாலும் நிறம் வரும், கொஞ்சம் வெளிறியிருக்கும். இன்னொரு போத்தலில் நாலைந்து பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு, மூழ்கும் அளவு வினாகிரி ஊற்றுங்கள். நாகம் பூசிய கூரைத் தகரமோ பெயின்ற் அடித்த இரும்போ வேண்டாம். மூடியையும் இறுக்கக்கூடாது. ஆணியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி எழும். அது ஐதரசன் வாயு, அதற்கு வழி வேண்டும். மூன்று நான்கு நாளில் இரும்பு கரைந்து இறங்கியிருக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பாத்திரங்கள் திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது.

அந்த இரும்புத் தண்ணீரில் ஒரு துளி எடுத்துச் சாயத்தில் விடுங்கள். துளி விழுந்த இடத்தில் புகைபோல ஒரு கருமை சுழன்று இறங்கும். அடுத்த துளிக்குக் கோப்பை முழுதும் கறுத்துவிடும். ஒரு மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவித் தொட்டு எழுதிப் பாருங்கள். முதலில் சாம்பலாகத் தெரியும் கோடு காயக் காய இன்னும் கருக்கும். கரைந்த இரும்பு காற்றின் ஒட்சிசனைப் பிடித்து, பொலிபீனோலோடு இறுகப் பிணைவதால் வரும் கருமை அது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக எழுதப் பயன்பட்ட மை இதன் உறவுதான். அங்கே தேயிலைக்குப் பதில் ஓக் மரத்தின் காய்போன்ற முடிச்சுகள். ஆந்திரத்துக் கலம்காரி ஓவியர்கள் கடுக்காயில் தோய்த்த துணியின் மேல், வெல்லத்தோடு ஊறிய இரும்புத் தண்ணீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே கணக்கில்தான்.

இந்தக் கறுப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கோப்பையில் நடந்தது வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை இதே பொருள்கள் பிடித்துக்கொள்ளும். உடம்பு உறிஞ்சுவது குறையும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்பது இதனால்தான். குருதிச்சோகை எத்தனை அம்மாக்களை மலையில் தளரவைக்கிறது என்று நமக்குத் தெரியும். எச்சரிக்கைத் தாளைவிட, கறுத்துப்போகும் அந்தக் கோப்பை ஒரு பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

மை காய்ந்ததும் ஒரு விளையாட்டு. தாள் முழுதும் கறுப்பு மையை மெல்லப் பூசி, ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, தேசிக்காய்ச் சாற்றில் தொட்டு வரையுங்கள். தொட்ட இடம் வெளுத்துக்கொண்டே வரும். இரவு வானத்தில் நமுனுகுல மலையும் நிலவும் வரைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சாற்றின் சிற்றிக் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, விற்றமின் சி அதைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது, கருமை கலைகிறது. மைக்கு ஆணி ஊறவைக்க வினாகிரிக்குப் பதில் தேசிக்காயை எடுத்தால் கறுப்பு சரியாக வராததும் இதனால்தான்.

மஞ்சளும் செவ்வரத்தையும் பலருக்குத் தெரிந்தவை. மஞ்சள் கறை பட்ட சட்டையில் சவர்க்காரம் பட்டதும் சிவப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். சுண்ணாம்பு தொட்டாலும் அப்படியே. செவ்வரத்தை இதழைத் தாளில் தேய்த்து, ஒரு பக்கம் தேசிக்காயும் மறுபக்கம் அப்பச்சோடாக் கரைசலும் தொட்டால் ஒரே பூ இளஞ்சிவப்பாகவும் பச்சைநீலமாகவும் பிரியும். 1664இல் ரொபர்ட் பொயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூச்சாற்றைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிந்தது இதே முறையில்தான். நம் பிள்ளைகளுக்கு வயலட் தேவையில்லை, வேலியோரச் செடி போதும்.

மண்ணுக்கு வருவோம். ஊவாவின் செம்மண் இரும்பு ஒட்சைட்டால் சிவந்தது. ஒரு சிரட்டை மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அரை நிமிடம் பொறுத்து, மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு சிரட்டையில் ஊற்றுங்கள். பருமணல் அடியில் தங்கிவிடும். கலங்கலை ஒரு நாள் அசையாமல் வைத்தால், விரலில் தேய்த்தால் வெண்ணெய்போல வழுக்கும் நுண்மண் படியும். அதுவே வர்ணம். மண்ணை முற்றத்தில் எடுங்கள். லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டைப் பிள்ளைகள் தோண்டவே கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை சரிந்த மலையை நாம் மறக்கவில்லை.

மண்ணையும் ஓவியத்தையும் ஒரே கண்ணால் பார்த்த ஒருவர் நமக்கு உண்டு. ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கிய புவிச்சரிதவியலாளர். கற்களைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கைவினைஞர்களிடம் நின்றுவிட்டார். 1908இல் வந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் அவருடைய நூலில், கண்டிக்கால ஓவியர்களின் வெள்ளைக் களிமண்ணும் விளக்குப் புகைக்கரியும் மரப்பாலில் எடுத்த மஞ்சளும் விளாம்பிசினும் பேசப்படுகின்றன. சீகிரியாவின் சிவப்பும் மஞ்சளும்கூட மண்ணிலிருந்து வந்தவைதான்.

விளாம்பிசின் மலையில் கிடைப்பது சிரமம். சோற்றுக்கஞ்சி போதும். கொதியில் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து வெடித்துப் பசையாகும். அதில் நுண்மண்ணைக் குழைத்தால் காய்ந்தபிறகு உதிராது. அன்றன்றைக்குச் செய்யுங்கள், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஒரே தாளில் மஞ்சள், செவ்வரத்தை, செம்மண், ஆணி மை என நான்கு பட்டை பூசி, பாதியைக் கொப்பி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு வாரம் வையுங்கள். மஞ்சள்தான் முதலில் வெளுக்கும்; மண் அப்படியே இருக்கும். பட்டைக்குப் பட்டை எத்தனை நாளில் என்ன ஆனது என்று குறியுங்கள். தொடங்கிய தேதியைத் தாளின் பின்பக்கம் ஆணி மையாலேயே எழுதிவிடுங்கள்.