விதியின் மேல் பழி போடாத மன்னன்

மதுரை நகரின் தல்லாகுளம், வைகை ஆற்றின் வடகரையில் இருக்கிறது. சிலப்பதிகாரக் கதையில் கோவலனும் கண்ணகியும் வடக்கே இருந்து வந்து, இந்த வைகையைத் தெப்பத்தில் கடந்துதான் மதுரைக்குப் போனார்கள்.

கோவலன் பொருளை எல்லாம் இழந்தவன். மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்று, வாணிபம் தொடங்க நினைத்தான். அதை ஒரு பொற்கொல்லனிடம் காட்டினான். அரசியின் சிலம்பைத் திருடியிருந்தவனே அந்தப் பொற்கொல்லன்தான்! அவன் அரண்மனைக்கு ஓடி, கோவலனைத் திருடன் என்று சொல்லிவிட்டான்.

பாண்டியன் நெடுஞ்செழியன், ஊடல் கொண்ட அரசியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருந்தான். சிலம்பு அவனிடம் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வரும்படி காவலருக்குச் சொன்னான். விசாரணை இல்லை. சாட்சி இல்லை. ஓர் உயிர் போய்விட்டது.

விதியா, பிழையா?

இளங்கோவடிகள் இதற்கு விதியையும் காரணம் காட்டுகிறார். முற்பிறவியில் கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்லச் செய்தானாம். அந்த வினை இப்பிறவியில் அவனைப் பிடித்ததாம்.

அப்படியானால் மன்னன் குற்றமற்றவனா? இல்லை. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. எல்லாம் விதி என்று சொல்லி மன்னன் தப்பப் பார்க்கவில்லை. பொற்கொல்லன் பேச்சை நம்பிய தானே கள்வன் என்றான். அந்த இடத்திலேயே உயிர் விட்டான். அரசியும் மாண்டாள். மதுரையும் எரிந்தது.

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் சோபக்ளீஸ் எழுதிய நாடகம் அது. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்பது ஈடிபஸ் மன்னனின் விதி. அறியாமலே அவன் அதைச் செய்துவிட்டான். முந்திய அரசனைக் கொன்றவனை நாடு கடத்த வேண்டும் என்று அவனே ஆணையிட்டிருந்தான். கொன்றவன் தானே என்று தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்டான். தன்னை நாடு கடத்தச் சொன்னான்.

இரண்டு கதையிலும் விதி வலியது. ஆனால் இரண்டு மன்னரும் அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

ஆட்சியில் பிழை செய்தால் அறமே எமனாக வரும் என்பது சிலப்பதிகாரத்தின் முதல் பாடம். சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் எவர் உயிரையும் பறிக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம் சொல்கிறது. கோவலனுக்குக் கிடைக்காத நீதி அதுதான்!